இலவசமாய்த் திருத்தித் தருகிறேன் என்றாலும் அந்தக் கடைக்குப் போக வேண்டாம்

கேள்வி: டொக்டர், எனக்கு 24 வயது, உப்புவெளிப் பக்கம் இருக்கிறேன். மூன்று கிழமைக்கு முன் நானும் இரண்டு தோழிகளும் கடற்கரைப் பக்கம் சீசனுக்குத் திறந்திருந்த ஒரு டாட்டூ கடைக்கு, புக்கிங் எதுவும் இல்லாமல், போகிற போக்கில் ஏறினோம். நான் இறந்துபோன அப்பாவின் பெயரை முன்கையின் உட்பக்கத்தில் தமிழில் போடச் சொன்னேன். இப்போது எழுத்துகளைச் சுற்றி நீலமாய் ஊறியிருக்கிறது, சுழிகள் அடைபட்டு வாசிக்கவே முடியவில்லை. ஒரு தோழி கணுக்காலில் பூ போட்டாள். அதில் சாம்பல் நிறத்தில் நிழல் போட்ட இடத்தில் மட்டும் இரண்டு கிழமை கழித்துச் சின்னச் சின்னச் சிவப்புப் பருக்கள் வந்திருக்கின்றன, பாமசியில் வாங்கிய கிறீமுக்கும் குளிசைக்கும் போகவில்லை. மற்றவளுக்கு ஒன்றும் இல்லை. ஊசிப் பக்கெட்டை எங்கள் முன்னால் உடைத்ததாக ஞாபகம் இல்லை. மையோடு போத்தல் தண்ணீர் கலந்ததைக் கண்டேன், கையுறையோடே போனும் எடுத்தார். திரும்பப் போய்க் கேட்டால், "கடலில் குளித்திருப்பீங்கள், சொறிந்திருப்பீங்கள், வாங்கோ, காசில்லாமல் திருத்தித் தாறன்" என்கிறார். பத்தாம் நாள் நிலாவெளியில் நாங்கள் ஒருமுறை குளித்தது உண்மைதான். திருத்தப் போகலாமா? ஒன்லைனில் விற்கிற டாட்டூ அழிக்கும் கிறீமைப் பூசலாமா? எங்களுக்கு ஏதாவது நோய் தொற்றியிருக்குமா? அம்மாவுக்கு இன்னும் தெரியாது. (பெயர் வேண்டாம்)

பதில்:

தங்கச்சி, நீங்கள் உங்கள் கையைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறீர்கள், அது எனக்கு விளங்குகிறது, அப்பாவின் பெயர் அது. ஆனால் இந்தக் கடிதத்தில் அவசரமான விசயம் உங்கள் தோழியின் கணுக்கால். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், உங்கள் எழுத்துக்கு அப்புறம் வருகிறேன்.

டாட்டூ போட்ட முதல் இரண்டு மூன்று நாள் சிவப்பு, வீக்கம், கொஞ்சம் நீர் கசிவது எல்லோருக்கும் வரும். அதற்குப் பிறகு சிவப்பு குறையாமல் பரவுவது, சீழ் வைப்பது, காய்ச்சல், குத்திய இடத்திலிருந்து மேல்நோக்கிச் சிவப்புக் கோடு ஓடுவது எல்லாம் சாதாரணக் கிருமித் தொற்றின் அடையாளம், அது பெரும்பாலும் முதல் கிழமைக்குள்ளேயே காட்டிவிடும். உங்கள் தோழிக்கு நடந்தது அப்படி இல்லை. முதலில் நன்றாக ஆறியது மாதிரி இருந்து, இரண்டு கிழமை கழித்து, அதுவும் சாம்பல் நிழல் உள்ள இடத்தில் மட்டும், வரிசையாய்ப் பருக்கள். இப்படி வந்தால் தோல் வைத்தியர்களுக்கு முதலில் சந்தேகம் வருவது தண்ணீரில் வாழும் ஒரு கிருமி மேல்தான். மைக்கோபாக்டீரியம் கெலோனே என்று பெயர். காசநோய்க் கிருமியின் தூரத்துச் சொந்தம், ஆனால் காசநோய் இல்லை, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதும் இல்லை, அதனால் அந்தப் பெயரைக் கேட்டு யாரும் பதறத் தேவையில்லை. குழாய்த் தண்ணீர், வடிகட்டின தண்ணீர், கடையில் வாங்கும் போத்தல் தண்ணீர், இவை குடிக்க நல்லவையாய் இருக்கலாம், கிருமி நீக்கிய தண்ணீர் இல்லை. கறுப்பு மையைச் சாம்பல் ஆக்க அந்தத் தண்ணீரைக் கலந்தால், வயிற்றுக்குள் போனால் ஒன்றும் செய்யாத கிருமி, ஊசியோடு நேராகத் தோலின் அடிப் படைக்குள் போய் உட்கார்ந்துவிடும். 2011 கடைசியில் அமெரிக்காவின் ரொச்செஸ்டர் நகரத்தில் ஒரே டாட்டூக்காரரிடம் போன 19 பேருக்கு இதுதான் வந்தது. அங்கே அவர் தண்ணீர் கலக்கவில்லை, முன்கூட்டியே நீர்க்கலப்புச் செய்து விற்கப்பட்ட சாம்பல் மையிலேயே கிருமி இருந்தது, திறக்காத போத்தலில் கூட இருந்தது. அதனால் கடைக்காரர் மேல் மட்டும் பழி போட நான் அவசரப்படவில்லை, ஆனால் நீங்கள் கண்ணால் கண்ட அந்தப் போத்தல் தண்ணீர் எனக்கு மிகவும் கவலையாக இருக்கிறது.

இதை நான் இவ்வளவு நீட்டிச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. பாமசியில் வழமையாகத் தரும் அமொக்சிசிலின், குளொக்சசிலின் போன்ற குளிசைகள் இந்தக் கிருமிக்கு வேலை செய்யாது. கிறீம் என்று கொடுத்தது அநேகமாக ஸ்டீரொய்ட் கலந்ததாக இருக்கும், அதைப் பூசினால் சிவப்பு ஒரு வாரம் அடங்கும், உள்ளே கிருமிக்கு இன்னும் வசதியாகிவிடும். ஆகவே கிறீமை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். பெரியாஸ்பத்திரியில் ஓபிடியில் காட்டி, தோல் கிளினிக்குக்குத் துண்டு வாங்கச் சொல்லுங்கள், அல்லது வெளியில் தோல் வைத்தியரிடம் காட்டுங்கள், எங்கே போனாலும் "டாட்டூ போட்டது, மைக்குத் தண்ணீர் கலந்தது, இரண்டு கிழமைக்குப் பிறகு வந்தது" என்ற இந்த மூன்றையும் கட்டாயம் சொல்ல வேண்டும். விறைக்கப் பண்ணி மிளகளவு தோல் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். இந்தக் கிருமியைத் தேடச் சொல்லிக் குறிப்பிட்டு அனுப்பாவிட்டால் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சாதாரணக் கல்ச்சர் சோதனையில் அது தப்பிவிடலாம், அதனால்தான் கதையைச் சொல்வது முக்கியம். அதுதான் என்று உறுதியானால் கிளரித்ரோமைசின் போன்ற மருந்து, சில வேளை இன்னொன்றும் சேர்த்து, மாதக்கணக்கில் எடுக்க வேண்டி வரும். பொறுமையாக எடுத்தால் மாறும். அது இல்லாமல் சாம்பல் மைக்கு ஒவ்வாமையாகவும் இருக்கலாம், அதற்கு வைத்தியமே வேறு. பார்க்காமல் என்னால் எது என்று சொல்ல முடியாது, பாமசிக்காரராலும் முடியாது.

இப்போது அந்தக் கடல் குளிப்பு. கடைக்காரர் சொன்னதில் பாதி சரி. ஆறாத டாட்டூ என்பது திறந்த புண், இரண்டு மூன்று கிழமைக்குக் கடல், நீச்சல் தடாகம், கன்னியா வெந்நீர்க் கிணறு எதுவும் கூடாது. வெதுவெதுப்பான கடல் நீரில் விப்ரியோ என்ற கிருமி இருக்கும். ஈரல் பழுதுபட்டிருந்த 31 வயது ஆள் ஒருவர் டாட்டூ போட்ட ஐந்தாம் நாள் மெக்சிக்கோ வளைகுடாவில் குளித்து, அந்தக் கிருமியால் இறந்துபோனதை 2017இல் வைத்திய சஞ்சிகையில் எழுதியிருந்தார்கள். நல்ல உடம்புக்காரருக்கு அவ்வளவு தூரம் போவது அரிது, அதோடு அது ஓரிரு நாளிலேயே வேகமாகக் காட்டுமே தவிரக் கிழமைக்கணக்கில் காத்திருக்காது. ஆகவே பத்தாம் நாள் குளித்தது நல்ல வேலை இல்லை, சரி. ஆனால் யோசித்துப் பாருங்கள், கடல் தண்ணீர் பூ முழுவதிலும்தான் பட்டிருக்கும். கறுப்புக் கோட்டை விட்டுவிட்டுச் சாம்பல் நிழலை மட்டும் தேடிப் பிடித்துப் பருப் போட அதற்குத் தெரியாது. உங்கள் எழுத்து ஊறியதற்கும் கடலுக்கும் சம்பந்தமே இல்லை, சொறிந்ததாலும் அது வராது. அது ஊசி போன ஆழத்தால் வந்தது.

தோலின் மேல் படை உரிந்து உரிந்து புதிதாகும். அதற்குக் கீழே, ஏறக்குறைய ஒன்று இரண்டு மில்லிமீற்றர் ஆழத்தில் உள்ள படையில் மையை விட்டால்தான் அங்கேயுள்ள செல்கள் அதை விழுங்கி அந்த இடத்திலேயே வைத்துக்கொள்ளும். ஊசி அதையும் தாண்டிக் கொழுப்புக்குள் இறங்கிவிட்டால், மழைத்துளி பட்ட கொப்பித்தாள் மாதிரி மை பக்கவாட்டில் ஊறி, கோட்டைச் சுற்றி நீல நிழல் விழும். முன்கையின் உட்பக்கம், மணிக்கட்டு, கணுக்கால் எல்லாம் தோல் மெல்லிசான இடங்கள், அனுபவம் இல்லாத கை அங்கேதான் அதிகம் தவறும். அதோடு நம் எழுத்துகளில் வளைவும் சுழியும் அதிகம். சின்னதாக எழுதினால் ணகரத்தின் வயிறும் ஞகரத்தின் சுழியும் முதல் மாதத்திலேயே அடைபட்டுவிடும். நன்றாகப் போட்ட டாட்டூவே வருடங்கள் போகப் போகக் கொஞ்சம் அகலும், அதனால் வேலை தெரிந்தவர் எழுத்தைப் பெரிதாக்கத்தான் சொல்வார், சின்னதாகத்தான் வேண்டும் என்று கேட்டால் மாட்டேன் என்பார்.

இனி உங்கள் கேள்வி, திருத்தப் போகலாமா. வேண்டாம். காசு வாங்காவிட்டாலும் வேண்டாம், இன்னும் சொன்னால் காசு வாங்காதபடியால்தான் நீங்கள் போய்விடுவீர்கள் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. ஊறின மையின் மேல் இன்னும் கறுப்பு ஏற்றினால் கோடு தடிக்குமே தவிர நீலம் போகாது. மூன்று கிழமையில் தோல் மேலால் ஆறியது போலத் தெரிந்தாலும் உள்ளே ஆறியிருக்காது, அதற்குள் மறுபடி குத்தினால் தழும்பு தடித்து எழும்பும். நம்முடைய தோல் நிறத்துக்குக் கீலொயிட் என்கிற அந்தத் தடித்த தழும்பு வரும் வாய்ப்பு வெள்ளைக்காரரை விட அதிகம். எல்லாவற்றுக்கும் மேலாக அதே போத்தல், அதே மை, அதே கை. உங்கள் தோழிக்கு என்ன என்று தெரியாமல் நீங்கள் அந்த மைக்குக் கையை நீட்டக் கூடாது.

அழிக்கும் கிறீமும் வேண்டாம். பூசி டாட்டூவை அழிக்கக்கூடியது என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அங்கீகரித்த கிறீம் ஒன்றுகூட இல்லை. விற்கிறவற்றில் பல அமிலம், மேல் தோலைச் சுடும். மை இருப்பது அதற்குக் கீழே என்றபடியால் எழுத்தும் அப்படியே இருக்கும், அதன் மேல் ஒரு எரிகாயத் தழும்பும் வரும். உப்புப் போட்டுத் தேய்ப்பது, சுண்ணாம்பு வைப்பது, இந்த வீட்டு வைத்தியங்களும் அதே கதைதான். நேர்மையான வழி லேசர். கறுப்பு மைக்கு அது நன்றாக வேலை செய்யும். நம் தோலுக்கு 1064 நனோமீற்றர் அலைநீளமுள்ள என்டி யாக் லேசர்தான் பாதுகாப்பு, வேறு லேசரை வைத்தால் தோல் வெளுத்துப் புள்ளி விழலாம். ஒரு முறையில் போகாது, ஆறு எட்டுக் கிழமை இடைவெளி விட்டுப் பல முறை செய்ய வேண்டும், செலவும் இருக்கிறது. லேசரா, இல்லை மேலே வேறு வடிவம் போட்டு மறைப்பதா என்ற முடிவை மூன்று மாதம் கழித்து எடுங்கள். இரண்டு தடவை லேசர் பிடித்து நீல நிழலை மங்கச் செய்துவிட்டு, பிறகு நல்ல கைகாரரிடம் அப்பாவின் பெயரைப் பெரிதாகப் போடுவதும் நடக்கிற காரியம்தான், நான் உங்கள் இடத்தில் இருந்தால் அதைத்தான் யோசிப்பேன். அதுவரை வெயில் படாமல் பாருங்கள், அது போதும்.

நோய் தொற்றியிருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்றும் இல்லை என்கிற மற்றத் தோழிக்கும் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறேன், அவளுக்குத் தோலில் ஒன்றும் இல்லை, அவ்வளவுதான் நமக்குத் தெரியும். இரத்தத்தால் பரவுகிறவற்றில் ஹெப்படைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. மூன்றையும் யோசிக்க வேண்டும். நம் நாட்டில் இவை மூன்றுமே குறைவு, டாட்டூவால் எச்.ஐ.வி. வருவது மிக மிக அரிது, இரவில் படுத்துக்கொண்டு போனில் தேடித் தேடிப் பயப்படாதீர்கள். ஆனால் ஹெப்படைட்டிஸ் பி கிருமி காய்ந்த இரத்தத்தில், உடம்புக்கு வெளியே, குறைந்தது ஏழு நாளாவது உயிரோடு இருக்கும். உங்களுக்கு முன் அந்தக் கதிரையில் யார் இருந்தார், ஊசி புதிதா என்று தெரியாதபோது சும்மா இருக்க முடியாது. இலங்கையில் குழந்தைகளுக்கான தடுப்பூசியோடு ஹெப்படைட்டிஸ் பி சேர்க்கப்பட்டது 2003இல், நீங்கள் அதற்கு முன் பிறந்தவர் என்றால் உங்களுக்குப் போட்டிருக்க மாட்டார்கள். வீட்டில் உங்கள் கிளினிக் கொப்பியோ தடுப்பூசிக் காட்டோ இருந்தால் எடுத்துப் பாருங்கள், போடவில்லை என்றால் இப்போது தொடங்கலாம், பூச்சியம், ஒன்று, ஆறு மாதம் என்று மூன்று ஊசி. இரத்தப் பரிசோதனையை இப்போது ஒருமுறையும், குத்தி மூன்று மாதம் முடிய ஒருமுறையும், ஹெப்படைட்டிஸ் சிக்கு ஆறு மாதத்திலும் செய்யுங்கள். இப்போது மட்டும் செய்து "ஒன்றுமில்லை" என்று வந்தால் அதை நம்பி விட்டுவிடக் கூடாது, கிருமி வந்திருந்தாலும் இவ்வளவு கெதியில் பரிசோதனை காட்டாமல் விடலாம். எச்.ஐ.வி. பரிசோதனை அரசாங்கப் பாலியல் நோய்க் கிளினிக்கில் இலவசம், விபரம் வெளியே போகாது. அந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்து ஒதுங்க வேண்டாம், டாட்டூவுக்காக வந்தேன் என்று சொல்லலாம். இப்போதைக்கு இரத்ததானம் செய்யாதீர்கள், முகாமில் கேட்டால் டாட்டூ போட்டதை மறைக்காதீர்கள். இனி யாராவது ஊசியில் சந்தேகம் என்று கண்டால் அன்றே ஓட வேண்டும், ஏனென்றால் எச்.ஐ.வி.க்கான தடுப்பு மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் பலன்.

இதை வாசிக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். டாட்டூ போட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புக்கிங் இல்லாமல் ஏறுகிற கடை எல்லாம் கெட்ட கடையும் இல்லை, சுத்தமாக வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கதிரையில் இருக்க முன் பத்து நிமிடம் நின்று இன்னொருவருக்குச் செய்வதைப் பாருங்கள், சுவரில் மாட்டிய படங்களை விட அது அதிகம் சொல்லும். ஊசி ஒவ்வொன்றும் தனித்தனிப் பக்கெட்டில் வரும், அதில் கிருமி நீக்கிய அடையாளமும் காலாவதித் திகதியும் இருக்கும், உங்கள் கண் முன்னால் அதைக் கிழிக்க வேண்டும். மையைச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, முடிந்ததும் மிச்சத்தை எறிய வேண்டும், போத்தலுக்குள் திருப்பி ஊற்றினால் எழும்பி வந்துவிடுங்கள். மெசினுக்கும் அதன் வயருக்கும் புதுப் பொலித்தீன் உறை சுற்றியிருக்க வேண்டும். போனைத் தொட்டால், கதவைத் திறந்தால், தலைமயிரை ஒதுக்கினால் கையுறை மாற வேண்டும், ஒருமுறை நிறுத்திக் கேளுங்கள், நல்லவர் கோபிக்க மாட்டார். சில கடைகளில் சலூனில் வைப்பது போல நீல வெளிச்சப் பெட்டி ஒன்றைக் காட்டி ஸ்டெரிலைசர் என்பார்கள், அது கிருமி நீக்காது, டெட்டோலில் ஊறப்போடுவதும் கொதிநீரில் போடுவதும் போதாது. திருப்பிப் பாவிக்கும் உலோகப் பிடிகளுக்கு வேண்டியது அழுத்த நீராவியில் 121 பாகைச் சூட்டில் கால் மணித்தியாலமாவது வைக்கும் ஒட்டோகிளேவ். நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், வாதக் காய்ச்சல் வந்து இருதய வால்வு பழுதாகி மாதாமாதம் பென்சிலின் ஊசி போடுகிறவர்கள், இரத்தம் உறையாமல் குளிசை குடிப்பவர்கள், கர்ப்பிணிகள், இவர்கள் போகிற போக்கில் ஏறவே கூடாது, தங்கள் வைத்தியரிடம் கேட்டுவிட்டுத்தான். அப்புறம், ஊசிக்குப் பயந்து கடற்கரையில் கறுப்பு மருதாணி போட்டுக்கொள்ளும் பிள்ளைகளும் கவனம். நல்ல மருதாணி செம்மண்ணிறமாகத்தான் பிடிக்கும். கரிக்கறுப்பாக உடனே பிடித்தால் அதில் தலைமயிர்ச் சாயத்தில் உள்ள பி.பி.டி. என்ற இரசாயனம் கலந்திருக்கிறது என்று எடுங்கள். படம் போட்ட வடிவத்திலேயே தோல் கொப்பளித்து எழும்பலாம், பிறகு ஆயுள் முழுக்கத் தலைக்கு டை பூச முடியாமல் போகலாம்.

முறைப்பாடு செய்யுங்கள், கெதியாகச் செய்யுங்கள். சீசன் முடிந்து ஒக்ரோபரில் மழை தொடங்கக் கடற்கரைக் கடைகள் பல பூட்டிவிடும், பிறகு யாரைத் தேடுவது? இரண்டு இடம் இருக்கிறது. சுகாதாரக் குறைபாட்டுக்கு உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, அங்கே பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ.) எழுதிக் கொடுங்கள். தோழியின் பரிசோதனை முடிவு வந்தால் அதன் பிரதியையும் சேர்த்துக் கொடுத்தால் அவர்கள் அந்த மைப் போத்தலையே தேடிப் போக வழி இருக்கும், அதனால் பயன் உங்களுக்கு மட்டும் இல்லை, போன மாதம் அங்கே போட்டுவிட்டு ஊருக்குப் போனவர்களுக்கும்தான். காசுக்கும் மோசமான வேலைக்கும் நுகர்வோர் விவகார அதிகார சபை, 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம், ஆனால் முறைப்பாட்டை எழுத்தில், சேவை பெற்ற மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில் இருக்கிறது. பில் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். வட்ஸ்அப்பில் விலை கேட்ட உரையாடல், வங்கியில் காசு போட்ட குறிப்பு, அன்று கடையில் எடுத்த செல்ஃபி எல்லாம் உதவும். பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு அடிமட்டம் வைத்து, கிழமைக்கு ஒருமுறை ஒரே தூரத்தில் படம் எடுத்து வையுங்கள். கடையின் பெயரை முகநூலில் போட்டுத் திட்டுவதை இப்போதைக்கு விடுங்கள், கையில் வைத்திய அறிக்கை இல்லாமல் போட்டால் கதை உங்கள் பக்கம் திரும்பிவிடும்.

அம்மாவுக்குச் சொல்வது உங்கள் இஷ்டம், ஆனால் மறைப்பதற்காக இந்த வெயிலில் முழுக்கைச் சட்டையை இறுக்கிப் போட்டு வியர்வையில் ஊறவிடாதீர்கள். ஆறு மாதம் பரிசோதனை, ஊசி என்று போய்வரப் போகிறீர்கள், வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருப்பது நல்லது. பெயர் அப்பாவுடையது என்றபடியால் அம்மாவின் கோபம் நீங்கள் நினைக்கிற அளவு இராது என்பது என் எண்ணம்.

தோழியை நாளைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். அவள் குடித்த குளிசை மட்டை, பூசின கிறீம் ரியூப், டாட்டூ குத்தின திகதி, முதல் பரு வந்த திகதி, இவற்றை ஒரு துண்டில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். கணுக்காலில் அன்று காலை எதுவும் பூச வேண்டாம்.